ரேடியோக் கயிறு

கயிறு கையில் இருக்கிற வரைக்கும் எல்லா நாயும் நல்ல நாய்தான். ‘உட்கார்’ என்றால் உட்காரும். ‘வா’ என்றால் வரும். கயிற்றை அவிழ்த்துவிட்டு, நூறு அடி தள்ளி ஒரு முயலையும் ஓடவிட்டுப் பாருங்கள்... இத்தனை நாளும் அது நம் பேச்சைக் கேட்டதா, கயிற்றின் பேச்சைக் கேட்டதா என்று அப்போது தெரிந்துவிடும்!

இந்தத் தலைவலி வீட்டில் நாய் வளர்ப்பவரைவிட போலீஸ்காரரையும் வேட்டைக்காரரையும்தான் அதிகம் படுத்தியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு திருடனைத் துரத்த முடியுமா என்ன?

ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் என்று ஒரு போலீஸ் அதிகாரி. 1906-ல் சார்ப்ரூக்கன் நகரில் போலீஸ் நாய்களைப் பழக்க ஆரம்பித்தவர். 1910-ல் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாய்க்கு நம்மைப் போல நியாய அநியாயமெல்லாம் தெரியாது. பாராட்டோ அடியோ, காரியம் நடக்கிற அந்தக் கணத்தில் விழுந்தால்தான் அதற்கு விளங்கும் என்றார் மோஸ்ட். இன்றைக்கும் யாரும் மறுக்காத பேச்சு. ஆனால், கையாண்ட கருவிகள்? முள் வைத்த கழுத்துப்பட்டை, பிரம்பு, நீளக் கயிறு. ‘அடியாத மாடு படியாது’ கட்சி!

நீளக் கயிற்றுக்கும் ஒரு நீளம் உண்டே. அதைத் தாண்டி ஓடும் நாயை எப்படித் தொடுவது?

அட்லான்டிக்குக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் ரக்கூன் வேட்டைக்காரர்களுக்கும் இதே கேள்விதான். ரக்கூன் என்பது கண்ணைச் சுற்றி கறுப்பு முகமூடி போட்டது மாதிரி இருக்கிற, பூனையைவிடக் கொஞ்சம் பெரிய பிராணி. ராத்திரியில்தான் வெளியே வரும். வேட்டைக்காரர்கள் இருட்டில் நாய்களை அவிழ்த்து விட்டுவிட்டு, குரைப்புச் சத்தத்தை வைத்தே பின்னால் போவார்கள். நாய், ரக்கூனை ஒரு மரத்தில் ஏற்றிவிட்டு அடியில் நின்று குரைக்கும். நடுவில் ஒரு மான் வாடை அடித்துவிட்டால் போச்சு! மைல் கணக்கில் ஓடி, விடிந்தால்கூடத் திரும்பாது. தாங்கள் தேடிப்போகாத எந்தப் பிராணிக்கும் அந்த வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘குப்பை’. மான்கூட அவர்கள் பாஷையில் குப்பைதான்.

மான் பின்னால் ஓடும் நாயின் பின்புறத்தில், பறவை சுடுகிற பொடிக் குண்டுகளால் தூரத்திலிருந்து சுடுவது அந்தக் காலத்து வைத்தியம். சில நாய்கள் திருந்தின. சில நாய்கள் துப்பாக்கியைப் பார்த்தாலே ஓடி ஒளிய ஆரம்பித்தன. வேட்டைநாய்க்கு இதைவிடக் கேவலம் வேறில்லை!

1960-களின் கடைசியில், அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத்தில் இருந்த ட்ரை-ட்ரானிக்ஸ் கம்பெனி வேறு வழி சொன்னது. கழுத்துப்பட்டையில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே பாட்டரியும் ரேடியோ ரிசீவரும். பெட்டியிலிருந்து இரண்டு உலோக முனைகள் ரோமத்தை விலக்கிக்கொண்டு தொண்டைத் தோலைத் தொட்டபடி இருக்கும். எஜமானர் கையில் பட்டன். அமுக்கினால் அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே ஷாக் அடிக்கும். ரேடியோவாலேயே ஒரு கயிறு!

இதில் வேட்டைக்காரர்களை மயக்கியது தூரம் மட்டுமல்ல. அடித்தது யார் என்று நாய்க்குத் தெரியாது என்பதுதான் பெரிய கவர்ச்சி. எஜமானரோ கால் மைலுக்கு அப்பால் இருக்கிறார். எதிரே ஓடுகிற மான்தான் தன்னைக் கடித்தது என்று நாய் நினைத்துக்கொள்ளும். எஜமானர் பேர் கெடாது. எப்படி யோசனை!

ஒரே ஒரு சிக்கல். ராத்திரி, காடு. பட்டனை அமுக்குகிற அந்தக் கணத்தில் நாய் மானைத்தான் துரத்துகிறதா, இல்லை மனசு மாறி எஜமானரைப் பார்த்துத் திரும்பி விட்டதா? யாருக்குத் தெரியும்? ஆரம்பகாலப் பட்டைகளில் ஷாக் பலமானது. நினைத்தபடி கூட்டவோ குறைக்கவோ வசதி கிடையாது. திரும்பி வருகிற நாய்க்கும் அதே அடி விழும்.

தப்பான நேரத்தில் விழுகிற அடி நாயை என்ன செய்யும்? இதற்கான பதில் வேட்டைக்காட்டில் கிடைக்கவில்லை. அதே வருடங்களில் ஒரு பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

1953-ல் ரிச்சர்ட் சாலமன், லைமன் வின் என்ற இரண்டு விஞ்ஞானிகள், நடுவில் தடுப்பு வைத்த ஒரு பெட்டிக்குள் நாயை விட்டார்கள். விளக்கு அணையும். 10 விநாடி கழித்துத் தரையில் ஷாக். தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்தால் தப்பலாம். சில தடவைகளிலேயே நாய்கள் கற்றுக்கொண்டு, விளக்கு அணைந்ததுமே குதித்தன. பிறகு ஷாக்கை நிறுத்தியே விட்டார்கள். அப்படியும் நாய்கள் விடவில்லை. 200 தடவை விளக்கை அணைத்தாலும் 200 தடவையும் குதித்தன!

சாலமன் பின்னாளில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு திருப்பம் செய்தார்கள். நாய்களைத் துணித் தொட்டிலில் கட்டி ஷாக் கொடுத்தார்கள். ஒரு கோஷ்டி, தலையால் பக்கத்துப் பலகையை அழுத்தினால் ஷாக் நின்றுவிடும். இன்னொரு கோஷ்டிக்கும் அதே அளவு ஷாக், அதே நேரம். ஆனால், அவை எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. மறுநாள் இரண்டு கோஷ்டியையும் அந்தத் தடுப்புப் பெட்டிக்குள் விட்டார்கள். முதல் கோஷ்டி நாய்கள் குதித்துத் தப்பின. இரண்டாவது கோஷ்டியில் 8-ல் 6 நாய்கள் தப்பக் கற்கவில்லை. முனகிக்கொண்டு, படுத்தபடி ஷாக்கை வாங்கிக்கொண்டே இருந்தன.

இரண்டு கோஷ்டிக்கும் போன கரன்ட் ஒன்றுதான். நிறுத்துகிற வழி தன்னிடம் இருக்கிறது என்று ஒன்றுக்குத் தெரிந்தது. இன்னொன்றுக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

படுத்துவிட்ட நாய்களை எப்படி எழுப்பினார்கள் தெரியுமா? கழுத்தில் கயிறு கட்டி, தடுப்புக்கு மேலே அந்தப் பக்கம் இழுத்தார்கள். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. ‘ஓ, இங்கே வந்தால் ஷாக் இல்லை’ என்று புரிந்த பிறகுதான் தானாகக் குதித்தன. 2016-ல் அதே செலிக்மனும் மையரும், தங்கள் பழைய முடிவைத் தாங்களே திருத்தி எழுதினார்கள். நீண்ட நேரம் வலித்தால் சுருண்டு படுத்துவிடுவது பிறவியிலேயே இருக்கிற சுபாவம். உயிரினம் கற்றுக்கொள்வது, ‘என்னால் நிறுத்த முடியும்’ என்பதைத்தான் என்றார்கள்.

இந்தப் பாடம் பட்டைக்காரர்களிடமும் வந்து சேர்ந்தது. டேனியல் டார்ட்டோரா என்ற மனோதத்துவ நிபுணர், கடிக்கிற குணமுள்ள 36 நாய்களைப் பழக்கி 1983-ல் ஆய்வறிக்கை வெளியிட்டார். நாய் சொன்னதைச் செய்ததும் பட்டையிலிருந்து ஒரு ‘பீப்’. இனி ஷாக் வராது, பயப்படாதே என்று அதற்கு அர்த்தம்! நாய்கள் கடிப்பதை விட்டுவிட்டன என்று எழுதினார். டார்ட்டோரா பட்டைக் கம்பெனிக்காகப் புத்தகம் எழுதியவர் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த பட்டைகளில் பல அளவுகள். நாயின் காது லேசாகத் துடிக்கிற மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிப்பார்கள். முதலில் நிஜக் கயிற்றைக் கட்டி, ‘வா’ என்று கூப்பிட்டு மெல்ல இழுத்து, நாய் எஜமானர் பக்கம் திரும்பியதும் கரன்ட்டை நிறுத்துவார்கள். நிறுத்துகிற சுவிட்ச் தன் காலில்தான் இருக்கிறது என்று நாய் கற்றுக்கொள்ள வேண்டும். கயிற்றால் கற்காத நாய்க்கு ரேடியோவால் ஒன்றும் விளங்காது. நல்ல பயிற்சியாளர்கள் இதில் வாரக்கணக்கில் செலவிடுவார்கள். கடையில் பட்டையை வாங்கி அன்று சாயங்காலமே மாட்டுபவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியுமா, சொல்லுங்கள்?

எஜமானர்தான் அடித்தார் என்று நாய்க்குத் தெரியாது என்ற பழைய நம்பிக்கை என்ன ஆனது? 2004-ல் நெதர்லாந்தில் காவல் வேலைக்குப் பழக்கிய நாய்களைப் பார்த்தார்கள். ஷாக் வாங்கிய நாய்கள் பயிற்சி மைதானத்தில் மட்டுமல்ல, சும்மா பார்க்கில் எஜமானரோடு நடக்கும்போதும் மற்ற நாய்களைவிடப் பதற்றமாக இருந்தன. பட்டன் யார் கையில் என்பதை அவை எப்போதோ கண்டுபிடித்து விட்டன!

2007-ல் ஜெர்மனியின் ஹானோவரில் 14 பீகிள் நாய்களை மூன்று கோஷ்டியாகப் பிரித்து, எச்சிலில் கார்டிசால் அளந்தார்கள். மன உளைச்சலில் ஏறுகிற ஹார்மோன் அது. பொம்மை முயலைத் தொட்டால் மட்டும் ஷாக் என்ற கோஷ்டிக்குப் பெரிய ஏற்றம் இல்லை. கூப்பிட்டு வராவிட்டால் ஷாக் வாங்கிய கோஷ்டிக்கு ஏறியது. காரணமே இல்லாமல் கண்டபடி வாங்கிய கோஷ்டிக்குத்தான் உச்சம்.

இதற்கு முந்தைய வருடமே, 2006-ல் லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், நாய்ப் பயிற்சியில் இந்தப் பட்டை மிருகவதைச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2010-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதி தடை போட்டது. ஆடு வளர்ப்பவர்கள் நிறைந்த ஊர் அது. ஆட்டைத் துரத்தும் நாயைச் சுட்டுக் கொல்வதைவிட ஷாக் மேல் இல்லையா என்று எதிர்த்தரப்பு கேட்டது. விளையாட்டாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல.

விஞ்ஞானிகளும் இரண்டு பக்கம் பேசுகிறார்கள். 2014-ல் லிங்கன் பல்கலைக்கழகம் 63 நாய்களைப் பழக்கிப் பார்த்து, தீனி கொடுத்துப் பழக்குவதைவிடப் பட்டையால் விசேஷ லாபம் எதுவும் இல்லை என்றது. 2024-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 19 நாய்களோடு இறங்கியது. ஓடும் பொம்மையைத் துரத்துவதைப் பட்டை போட்ட நாய்கள் சீக்கிரமே விட்டுவிட்டன. தீனி நாய்கள் 5 சுற்றுப் பயிற்சிக்குப் பிறகும் துரத்திக்கொண்டுதான் இருந்தன. தீனிக்கு இன்னும் அவகாசம் தர வேண்டாமா என்று மறுதரப்பு பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி 1 முதல் தடை என்று அறிவித்திருந்தார்கள். தேதி வந்தது. தடை வரவில்லை. வேல்ஸ் சட்டமோ பட்டையை நாய்க்கோ பூனைக்கோ மாட்டுவதைத்தான் குற்றம் என்கிறது. கடைக்காரர் விற்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.