திருக்கோவலூர்: ஆற்றின் இரு கரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையின் தென்கரையில் இருக்கும் திருக்கோவிலூருக்குப் பழைய நூல்களில் கோவலூர் என்றே பெயர். கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரியின் ஊர் இது. அதியமான் நெடுமான் அஞ்சி இதை வென்ற செய்தி புறநானூற்றில் உண்டு. பாட்டில் மட்டுமே அறியப்பட்டிருந்த அந்த அதியமானுக்கு, அருகிலுள்ள ஜம்பையில் 1981இல் தமிழ்-பிராமிக் கல்வெட்டே கிடைத்துவிட்டது. அதில் அவன் சத்தியபுத்திரன் எனப்படுவதால், அசோகன் கல்வெட்டு குறிக்கும் சத்தியபுத்திரர் யார் என்ற கேள்வியும் அதோடு தீர்ந்தது.

காலையில் வடகரை அரகண்டநல்லூரில் தொடங்கினால் ஊர் முழுவதையும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். அங்கே பாறைமேல் சம்பந்தர் பாடிய அறையணிநல்லூர்க் கோயில். அங்கிருந்தே அவர் அண்ணாமலையைக் கண்டு தொழுதார் என்பர். ஆற்றுக்குள் தனியாக நிற்கும் பாறை கபிலர் குன்று. நண்பன் பாரி இறந்தபின் அவன் மகளிரைக் காப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, புலவர் கபிலர் வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது பழைய செய்தி. கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ அவர் தீப்புகுந்தார் என்கிறது. முரண் இருக்கட்டும், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தப் பாறை கபிலர் பெயரால் அறியப்பட்டது என்பதே முக்கியம். அதே கல்வெட்டு ஒரு தம்பதியையும் நினைவுகூர்கிறது. மலையமான் குலத்தில் பிறந்த வானவன் மாதேவி, பால்குடி மறவாத குழந்தையையும் விட்டு, கணவன் சுந்தர சோழனோடு தீப்பாய்ந்தவள். அவள் மகன்தான் இராசராசன்.

வீரட்டானம் அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. சிவன் அந்தகாசுரனை அழித்த இடம் என்பது புராணம். மேற்கே மேலூரில் உலகளந்த பெருமாள் கோயில். மழை இரவில் ஓர் இடைகழியில் ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க என்று பொய்கை, பூதம், பேயாழ்வார்கள் ஒதுங்கினார்கள். நான்காவதாக யாரோ நெருக்கவே, அது பெருமாள் எனக் கண்டு ஆளுக்கொரு நூறு வெண்பா பாடினார்கள் என்பது வைணவ மரபு. அந்த மூன்று அந்தாதிகளும் நாலாயிரத்தில் இடம்பெற்றவை.

இந்த வழியில் நடந்தவர்களில் நாள் தெரிந்தவர் ஒருவர் உண்டு. 1896 ஆகஸ்ட் 30 அன்று, கையிலிருந்த காசு மாம்பழப்பட்டு வரைக்கான ரயில் சீட்டுக்கே போதியதால், 16 வயது வேங்கடராமன் அங்கே இறங்கி அரகண்டநல்லூருக்கு நடந்தார். இரவில் கீழூர்க் கோயிலில் மேளக்காரர் தம் பங்குச் சோற்றைக் கொடுக்கச் செய்தார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பிட்டு, காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்கும் எண்ணமில்லாததால் முகவரிச் சீட்டைக் கிழித்தெறிந்தார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்த அவரே பின்னாளில் ரமண மகரிஷி.

2019இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபோது திருக்கோவிலூர் கள்ளக்குறிச்சியோடு சேர்ந்தது. எதிர்க்கரை அரகண்டநல்லூர் விழுப்புரத்திலேயே இருக்கிறது.