பிட்டியூட்டரி கட்டி அறுவை சிகிச்சை: ஏழாம் நாளை மறக்காதீர்கள்

மூளையின் அடிப்பாகத்தில், மூக்குக்குப் பின்னால், பச்சைப் பட்டாணி அளவில் இருப்பது பிட்டியூட்டரி சுரப்பி. தைராய்டு, அட்ரினல் போன்ற சுரப்பிகளை இயக்குவது இதுதான். சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனும் இங்கிருந்தே இரத்தத்தில் கலக்கிறது. இதில் வரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் கட்டி பெரிதாகிப் பார்வை நரம்பை அழுத்தினால் கண் பார்வை மங்கும்.

இன்று பெரும்பாலான கட்டிகளை மூக்கின் வழியாகவே அகற்றுகிறார்கள். இந்த வழியில் முதல் அறுவை சிகிச்சை 1907-இல் ஆஸ்திரியாவில் நடந்தது. வெளியே காயம் தெரிவதில்லை. பலர் சில நாள்களிலேயே வீடு திரும்புகிறார்கள். குடும்பத்தார் நிம்மதி அடையும் அந்த வாரத்தில்தான் கவனம் தேவை.

யாருக்குச் சிக்கல் வரலாம்?

மருத்துவர்கள் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தே ஓரளவு கணிக்கிறார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி பெரிய கட்டி எனப்படும். அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். பக்கத்து இரத்தக் குழாயைச் சுற்றிக் கட்டி பரவியிருக்கிறதா என்பதை அளக்க, 1993-இல் வெளியான நோஸ்ப் அளவுகோல் உதவுகிறது. இரண்டாவது முறை அறுவை சிகிச்சை செய்வோருக்கும், உடல் பருமன் உள்ளவர்களுக்கும் மூளைத் திரவம் மூக்கு வழியாகக் கசியும் வாய்ப்பு அதிகம். கார்ட்டிசோல் ஹார்மோன் போதுமா என்பதை அறுவைக்குப் பிந்திய காலை இரத்தப் பரிசோதனை காட்டும்.

எந்த நாளில் எது?

முதல் 2 நாள்கள்: அளவுக்கு மீறிய சிறுநீர், தீராத தாகம். இது இனிப்புநீர் நோய் அல்ல. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் குறைவதால் வருவது. பலருக்குத் தானாகவே சரியாகிவிடும்.

4 முதல் 10-ஆம் நாள் வரை: இதற்கு நேர்மாறானது. உடலில் நீர் தங்கி, இரத்தத்தில் சோடியம் எனும் உப்பு குறையும். இதன் சரியான அளவு 135 முதல் 145 வரை. தலைவலி, குமட்டல், சோர்வு, குழப்பமான பேச்சு ஆகியவை அறிகுறிகள். மிகவும் குறைந்தால் வலிப்பு வரும்.

யாருக்கு உப்பு குறையும் என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் பல மருத்துவமனைகளில் ஏழாம் நாள் வாக்கில் எல்லாருக்கும் சோடியம் பரிசோதனை செய்கிறார்கள்.

வீட்டில் என்ன செய்வது?

"ஆப்பரேஷன் அசதிதான்" என்று விட்டுவிடாதீர்கள். தெம்பு வரட்டும் என்று இளநீரையும் தண்ணீரையும் வற்புறுத்திக் கொடுக்காதீர்கள். உப்பு குறைந்தவருக்கு அது இன்னும் கெடுதல். எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுவது, கழுத்து விறைப்புடன் காய்ச்சல், திடீர்ப் பார்வைக் குறைவு, நிற்காத மூக்கு இரத்தம், குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்; வலிப்பு வந்தால் 999-ஐ அழையுங்கள்.

செந்தூலில் இருப்போருக்கு ஜாலான் பகாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனை பக்கம்தான். கோலசிலாங்கூர், பந்திங் பக்கத் தோட்டங்களில் இருப்போருக்கு அப்படி இல்லை. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "சோடியம் பரிசோதனை எந்தத் தேதியில்? எங்கள் வீட்டுக்கு அருகிலேயே அதைச் செய்ய முடியுமா?" மருத்துவமனை தரும் கடிதத்தை எப்போதும் கைவசம் வைத்திருங்கள். நள்ளிரவில் வேறு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், அங்குள்ள மருத்துவருக்கு விவரம் சொல்வது அந்தக் கடிதம்தான்.