நண்பகல் வரை ஒரு சாசேஜ், ஓராண்டு கடந்த ஒரு தொடை

தெற்கு ஜெர்மனியில் ஊருக்கு ஊர் இருக்கும் மெட்ஸ்கெராய் என்னும் கறிக்கடையையும் வட இத்தாலியின் சலுமேரியாவையும் தெருவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வகைக் கடையாகத்தான் தோன்றும். நீளமான கண்ணாடிப் பெட்டி, உள்ளே வரிசை வரிசையாகச் சாசேஜும் ஹாமும், கொக்கிகளில் தொங்கும் பன்றித் தொடைகள், வெள்ளை ஏப்ரன் கட்டிய கடைக்காரர். ஆனால் அந்த இரண்டு கடைக்காரர்களும் ஒரே தொழில் செய்பவர்கள் அல்லர். ஜெர்மன்காரர் விற்கும் பண்டத்தில் பெரும்பகுதி அவரே செய்தது. இத்தாலியர் விற்பதில் பெரும்பகுதி எங்கோ ஒரு மலைச்சரிவில் வேறொருவர் செய்தது. அவர் வேலை, தேர்ந்தெடுப்பதும் வெட்டுவதும்.

ஜெர்மனியில் இந்தத் தொழில் பட்டறைத் தொழில். மூன்றாண்டு பயிற்சி முடித்து, அதன் பிறகு மாஸ்டர் தேர்விலும் தேறியவர் ஒருவர் இருந்தால்தான் கடையை நடத்தச் சட்டம் இடம் கொடுக்கும். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். கடைக்குப் பின்னால் உள்ள அறையில்தான் உண்மையான வேலை. அங்கே சுழலும் பெரிய கிண்ணத்தில் கத்திகள் இறைச்சியைப் பசையாக அரைக்கும். அரைக்க அரைக்க ஐஸ் துகளைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். ஐஸ் இல்லாமல் கலவை சூடேறினால் கொழுப்பு தனியே பிரிந்துவிடும். சாசேஜ் வெந்த பிறகு மணல்மணலாக உதிரும். குளிர்ச்சியாக அரைத்தால் இறைச்சியின் புரதம் நீரையும் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும். பிறகு குடலில் அடைத்து, கொதிக்க விடாத வெந்நீரில் வேகவைப்பார்கள்.

மியூனிக் நகரின் வெள்ளைச் சாசேஜ் இந்த வகையில் மிகவும் மென்மையானது. கன்றிறைச்சி, பன்றிக் கொழுப்பு, பார்ஸ்லி இலை, எலுமிச்சைத் தோல். சிவப்பு நிறம் தரும் நைட்ரைட் உப்பு சேர்ப்பதில்லை; வெண்மைக்கு அதுவே காரணம், சீக்கிரம் கெடுவதற்கும் அதுவே. அதனால்தான் இந்தச் சாசேஜ் பன்னிரண்டு மணி மாதாகோவில் மணியைக் கேட்கக் கூடாது என்று பவேரியர்கள் சொல்கிறார்கள். 1857இல் மாரியன்பிளாட்ஸ் சதுக்கத்து விடுதி ஒன்றில் தற்செயலாகப் பிறந்தது என்றொரு கதையும் உண்டு; கதையாகவே எடுத்துக்கொள்ளலாம். குளிர்பெட்டி வந்து எத்தனையோ காலமாகியும், இனிப்புக் கடுகு விழுதோடு காலையிலேயே அதைத் தின்று முடிக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. இன்னும் துணிச்சலானது மெட். பச்சைப் பன்றிக் கொத்துக்கறி, உப்பு, மிளகு, மேலே நறுக்கிய வெங்காயம், கீழே ஒரு ரொட்டி. அரைத்த அன்றே விற்றுவிட வேண்டும் என்பது விதி. நம்மூர்க்காரர் முகம் சுளிப்பார். ஆனால் இன்று காலை இதை யார் அரைத்தார், அவர் கை சுத்தமா என்பது தெரிந்தால்தான் ஒருவர் இதை வாயில் வைக்க முடியும். பக்கத்துத் தெருக்காரர் மேல் வைக்கும் நம்பிக்கைதான் அங்கே விற்பனைக்கு இருக்கிறது. அம்மாவோடு வரும் குழந்தைக்குக் காசில்லாமல் ஒரு துண்டு சாசேஜை நீட்டும் வழக்கம் அந்த நம்பிக்கையை மூன்று வயதிலேயே தொடங்கிவைக்கிறது. வியாபார புத்தியும் அதில் இல்லாமல் இல்லை.

இத்தாலியில் பச்சை இறைச்சிக்கு மாச்செல்லேரியா என்று தனிக் கடை. சலுமேரியாவில் உப்பிட்டு உலர்த்தியவையும் பாலாடைக்கட்டியும்தான் முதன்மை. போலோன்யா நகரின் பழைய சந்தைச் சந்துகளில் இப்படிப்பட்ட கடைகளுக்குள் நுழைந்தால் முதலில் கேட்கப்படுவது, என்ன வேண்டும் என்பதை விட எந்த ஊருடையது வேண்டும் என்பதுதான். பார்மாவா, சான் தனியேலேயா, எத்தனை மாதத்தது?

பார்மா ஹாமின் சேர்மானம் இரண்டே: பன்றியின் பின்தொடை, கடலுப்பு. வேறெந்த மருந்தும் கூடாது. தோல் பக்கம் ஈர உப்பு, சதைப் பக்கம் உலர்ந்த உப்பு என்று பூசிக் குளிரில் வைப்பார்கள். அளவு தெரிந்து பூசுவதற்கென்றே உப்பு மாஸ்டர் ஒருவர் உண்டு. பிறகு கழுவி, உலர்த்தி, ஜன்னல்கள் திறந்த கூடங்களில் தொங்கவிடுவார்கள். வெளிச்சதை காய்ந்து இறுகாமலிருக்கப் பன்றிக் கொழுப்பில் அரிசிமாவு குழைத்துப் பூசுவதும் உண்டு. நம்மூர் உப்புக்கண்டத்துக்கு வெயில் போல, இதற்கு லாங்கிரானோ பக்கத்து மலைக்காற்று. ஓராண்டு கடந்தபின் சோதனையாளர் வருவார். குதிரை எலும்பில் செய்த ஊசியைத் தொடையின் சில இடங்களில் குத்தி எடுத்து மோந்து பார்ப்பார். அந்த எலும்பு மணத்தைச் சட்டென்று உறிஞ்சி, அதே வேகத்தில் விட்டும்விடுவதால் அடுத்த குத்துக்கு உடனே தயார். தேறிய தொடைக்கு ஐந்து முனைக் கிரீடம் சூடுபோடப்படும். 1963இல் தொடங்கிய தயாரிப்பாளர் கூட்டமைப்பின் முத்திரை அது.

இவ்வளவும் நடந்து முடிந்த பின்தான் தொடை கடைக்கு வருகிறது. கடைக்காரர் கெடுக்காமல் இருந்தாலே போதும் என்று நினைக்கலாம். ஆனால் கெடுப்பது எளிது. தடிமனாக வெட்டினால் அதே ஹாம் தோல்போல இழுபடும். அதனால்தான் நல்ல கடைகளில் கையால் சக்கரம் சுற்றும் சிவப்பு பெர்க்கல் வெட்டுப்பொறி பூஜைப் பொருள்போல நிற்கிறது. அதைச் செய்து 1898இல் தொழிற்சாலையும் தொடங்கியவர் ரோட்டர்டாமின் கறிக்கடைக்காரர் ஒருவர் என்பது பல இத்தாலியர்களுக்கே தெரியாது. விரல் தெரியும் மெல்லிய இதழாக விழுவதை மடிக்காமல் தாளில் பரப்பி, நூறு கிராமை ஓர் எட்டோ என்று கணக்கிட்டுத் தருவார்கள்.

ஜெர்மன் கடையில் ஆளை நம்புகிறோம், இத்தாலியக் கடையில் ஊரை நம்புகிறோம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் போலோன்யாவின் மோர்த்தடெல்லா நடுவில் வந்து நிற்கிறது. பசையாக அரைத்து, கொழுப்புத் துண்டு பதித்து, வேகவைத்த இது, பிறவியில் ஜெர்மன் சாசேஜின் ஒன்றுவிட்ட சகோதரி. அந்தப் பக்கம், 7 முதல் 9 சென்டிமீட்டர் வரைதான் நீளம் என்று வரையறுத்து 2003இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு பெற்ற நியூரம்பர்க் சாசேஜும் ஊர்ப் பெயரில்தான் வாழ்கிறது. ஆனாலும் வேறுபாடு அழிவதில்லை. ஆள் போனால் ஜெர்மன் கடை போய்விடும். பயிற்சிக்கு இளைஞர்கள் வராமல் மூடிய கடைகள் அங்கே ஏராளம். சில கடைக்காரர்கள் வாசலில் தானியங்கிப் பெட்டி வைத்துச் சாசேஜ் விற்கிறார்கள். சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும் பார்மா ஹாமுக்கு அந்த ஆபத்து இல்லை. அதை வெட்டத் தெரிந்தவருக்குத்தான் ஆபத்து.

இரண்டு வழக்கங்களும் சந்திக்கும் இடம் தெற்கு டிரோல். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குக் கைமாறிய நிலம். கடைப் பலகையில் இரு மொழியிலும் பெயர் எழுதியிருக்கும். அங்கே செய்யும் ஸ்பெக், எலும்பு நீக்கிய தொடையில் உப்பும் ஜூனிப்பர் கனியும் தேய்த்து, வடக்கின் வழக்கப்படி 20 டிகிரிக்கு மேற்போகாத குளிர்ந்த புகை காட்டி, தெற்கின் வழக்கப்படி காற்றில் உலர்த்தியது; மொத்தம் ஏறக்குறைய 22 வாரம். புகை மிஞ்சினால் ஜெர்மன் ஹாம், புகையே இல்லையென்றால் இத்தாலிய ஹாம். வெட்டுவதிலும் இரு கட்சி உண்டு: மெஷினில் மெல்லிசாக வாங்குபவர்கள், துண்டாக வாங்கி வீட்டில் கத்தியால் தடித்த குச்சிகளாக நறுக்குபவர்கள். நான் இரண்டாம் கட்சி. நார்களுக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். வறண்ட ரை ரொட்டி கூடவே வேண்டும்.