ரிமோட் நல்லாத்தான் இருக்கு... புது கம்ப்யூட்டர் ஏன் கேட்க மாட்டேங்குது? காரணமும் மாற்று வழிகளும்

புது கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. பழைய ரிமோட்டை எடுத்து அழுத்தினால் எந்த அசைவும் இல்லை. பேட்டரியை மாற்றியும் பார்த்தாச்சு, அப்பவும் அப்படியே. படம், பாட்டு, பிரசன்டேஷன் என எல்லாவற்றையும் ரிமோட்டில் இயக்கிப் பழகியவர்களுக்கு வரும் எரிச்சல் இது. பெரும்பாலும் கோளாறு ரிமோட்டில் இருக்காது. அதன் சிக்னலைப் பிடிக்கும் 'கண்' புது கம்ப்யூட்டரில் இல்லை என்பதுதான் விஷயம்.

ரிமோட் எப்படி வேலை செய்யுது?

பெரும்பாலான பழைய ரிமோட்டுகள் அகச்சிவப்புக் கதிரில் இயங்குபவை. கடைகளில் 'ஐ.ஆர். ரிமோட்' என்பார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத இந்த ஒளியை ரிமோட்டின் முனையில் உள்ள சின்ன எல்.இ.டி. வெளியிடுகிறது. அது வினாடிக்கு சுமார் 38,000 முறை துடிக்கும். வெயில், பல்பு வெளிச்சத்தில் இருந்து சிக்னலைப் பிரித்து அறியத்தான் இந்தத் துடிப்பு.

ஒவ்வொரு பட்டனுக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணை வாங்கிப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டரில் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, ஐ.ஆர். ரிசீவர். இன்னொன்று, வந்த எண்ணுக்கு என்ன செய்யணும் என்று தெரிந்த சாஃப்ட்வேர். இரண்டில் ஒன்று போனாலும் ரிமோட்டுக்கு வேலை இல்லை.

மேக் கம்ப்யூட்டரில் நடந்தது என்ன?

2005 அக்டோபரில் வந்த ஐமேக் ஜி5 மாடலுடன் ஆப்பிள் நிறுவனம் ஒரு குட்டி வெள்ளை ரிமோட்டைக் கொடுத்தது. மொத்தமே ஆறு பட்டன்கள். மெனு பட்டனை அழுத்தினால் 'ஃப்ரண்ட் ரோ' என்ற திரை முழுசாக விரியும். படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் சோபாவில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். 2006-ல் வந்த மேக்புக், மேக்புக் ப்ரோ, மேக் மினி கம்ப்யூட்டர்களிலும் ஐ.ஆர். ரிசீவர் இருந்தது. 2009-ல் அலுமினிய ரிமோட் வந்தது.

முதல் அடி 2011-ல் விழுந்தது. அந்த ஆண்டு வந்த லயன் இயங்குதளத்தில் ஃப்ரண்ட் ரோ இல்லை. ஆனாலும் ஐட்யூன்ஸ், கீநோட் போன்றவற்றை ரிமோட்டில் இயக்க முடிந்தது. 2012-ல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ரிசீவரே இல்லை. அதே ஆண்டு இறுதியில் வந்த ஐமேக்கிலும் அது போய்விட்டது. டி.வி.யுடன் இணைத்துப் பலரும் பயன்படுத்திய மேக் மினியில் 2014 மாடல் வரை இருந்தது. 2018 மாடலில் அதுவும் இல்லை.

இதில் ஒரு முரண் என்னன்னா, அதே அலுமினிய ரிமோட் ஆப்பிள் டி.வி. பெட்டிகள் பலவற்றில் வேலை செய்யும். மேக்கில்தான் அதற்கு இடம் இல்லை.

விண்டோஸில் வேற கதை

2002-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் எடிஷனுக்கென்றே பச்சை பட்டன் வைத்த ரிமோட்டுகள் வந்தன. யூ.எஸ்.பி. ரிசீவரைச் செருகிவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினால் மீடியா சென்டர் திறக்கும். விஸ்டா, விண்டோஸ் 7 பதிப்புகள் பலவற்றிலும் இது இருந்தது. விண்டோஸ் 8-ல் தனியாகச் சேர்க்கவேண்டிய வசதியானது. 2015-ல் வந்த விண்டோஸ் 10 அதை முழுசாகக் கைவிட்டது. பழைய கம்ப்யூட்டரை விண்டோஸ் 10-க்கு அப்டேட் செய்தவர்களுக்கும் மீடியா சென்டர் காணாமல் போனது. ரிமோட் இருக்கு, ரிசீவர் இருக்கு. பச்சை பட்டன் திறக்க வேண்டிய சாஃப்ட்வேர்தான் இல்லை.

போன் இருக்கே, அது போதாதா?

பலரும் சொல்லும் பதில் இது. போன் ஆப் மூலம் கம்ப்யூட்டரை இயக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால், போனை அன்லாக் செய்யணும், ஆப்பைத் திறக்கணும், பெரும்பாலும் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கணும். கதவு மணி அடித்தால் படத்தை நிறுத்த இத்தனை வேலை! ரிமோட்டில் அது ஒரே அழுத்து.

வசதியைத் தாண்டியும் இதில் ஒரு பிரச்னை உண்டு. பார்வை குறைந்தவர்கள் விரலால் தடவியே பட்டனைக் கண்டுபிடிப்பார்கள். வழவழப்பான தொடுதிரையில் அதற்கு வழியில்லை. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் மேடான பட்டன்தான் எளிது. போன் ஒருவருடையது, அவர் வெளியே போனால் அதுவும் போய்விடும். ரிமோட் வீட்டில் எல்லோருக்கும் பொது. தாத்தா, பாட்டி, குழந்தை என யார் வேண்டுமானாலும் எடுத்து அழுத்தலாம்.

இன்னொரு குழப்பம்: சில போன்களில் ஐ.ஆர். வசதி இருக்கிறது. அது டி.வி., ஏ.சி.க்கு சிக்னல் அனுப்பும். ஆனால், ரிசீவர் இல்லாத லேப்டாப்பை அதனாலும் இயக்க முடியாது.

உங்க ரிமோட் உயிரோடு இருக்கா?

போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதன் முன்னால் காட்டி பட்டனை அழுத்துங்கள். திரையில் வெள்ளை அல்லது ஊதா நிற ஒளி மின்னினால் ரிமோட் சிக்னல் அனுப்புகிறது என்று அர்த்தம். பின்பக்க கேமராக்கள் பல இந்த ஒளியை வடிகட்டிவிடும். அதனால் செல்ஃபி கேமராவே நல்லது.

அடுத்து கம்ப்யூட்டர். பழைய மேக் என்றால் சிஸ்டம் ரிப்போர்ட்டில் யூ.எஸ்.பி. பகுதிக்குப் போய் 'ஐ.ஆர். ரிசீவர்' என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் 'இன்ஃப்ராரெட்' என்ற சொல் வரும் சாதனம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

* யூ.எஸ்.பி. ஐ.ஆர். ரிசீவர்: 'ஃப்ளர்க்' போன்ற சின்ன ரிசீவர்களுக்குப் பழைய ரிமோட்டின் பட்டன்களைப் பழக்கிவிடலாம். எந்தப் பட்டனுக்கு எந்த கீ என்று நீங்களே முடிவு செய்யலாம்.

* வயர்லெஸ் பிரசன்டர்: வகுப்பு, கூட்டங்களில் ஸ்லைடு மாற்ற மட்டும்தான் என்றால் இதுவே போதும். யூ.எஸ்.பி. ரிசீவரைச் செருகினால் வேலை முடிந்தது.

* டி.வி. ரிமோட்: ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டரில் 'கோடி' சாஃப்ட்வேரைப் போட்டு, எச்.டி.எம்.ஐ.-சி.இ.சி. வசதி உள்ள டி.வி.யுடன் இணைத்தால் டி.வி. ரிமோட்டிலேயே படம் பார்க்கலாம். ஆனால், சாதாரண லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் இந்த சி.இ.சி. வசதி கிடையாது.

வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி

எந்த ரிமோட் வாங்கினாலும் "இது கம்ப்யூட்டருக்குக் கீபோர்டாகத் தெரியுமா, இல்ல தனி சாஃப்ட்வேர் வேணுமா?" என்று கேளுங்கள். ஃப்ளர்க் ரிசீவரும் பிரசன்டரும் தங்களை ஒரு கீபோர்டு என்றே கம்ப்யூட்டரிடம் அறிமுகம் செய்துகொள்கின்றன. விண்டோஸ், மேக், லினக்ஸ் என எதுவாக இருந்தாலும் கீபோர்டைக் கைவிடப் போவதில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே சாஃப்ட்வேரை நம்பிய ரிமோட்டுகள்தான் அது போனதும் பெட்டிக்குள் போயின. புது லேப்டாப்பில் யூ.எஸ்.பி.-சி மட்டுமே இருந்தால் அதற்கான அடாப்டரும் தேவைப்படும்.

பழைய ரிமோட்டை இனி பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஆப்பிள் ரிமோட் உட்பட பலவற்றில் இருப்பது பட்டன் பேட்டரி. குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ரிமோட்டையும் பேட்டரியையும் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். செல்ஃபி கேமரா சோதனையில் ஒளி மின்னியதா? அப்படியென்றால் தூக்கிப் போட அவசரம் வேண்டாம், ஒரு யூ.எஸ்.பி. ரிசீவர் இருந்தால் அது மறுபடியும் வேலைக்கு வந்துவிடும்.