கணக்கு அச்சேறிய கதை



"கணக்கு டிபார்ட்மென்ட் ஆளு, மலருக்கு என்னத்த எழுதப் போறே?" என்று கேலி செய்தார்கள். கணக்கு அச்சேறிய கதையையே எழுதிவிட்டேன்.

எம்.ஃபில். ஆய்வேட்டை டைப் அடிக்கக் கொடுத்தபோது, சூத்திரம் வரும் இடமெல்லாம் காலியாக விடச் சொன்னேன். செவிலிமேட்டு வீட்டில், அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிக்மாவையும் இன்டகிரலையும் பேனாவால் நிரப்பினேன். ஓரிடத்தில் எக்ஸின் தலையில் ஏற வேண்டிய 2, காலடியில் இறங்கிவிட்டது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் சரியாக அங்கேதான் விரலை வைத்தார். அசடு வழிந்து வீடு திரும்பினேன். அப்பா சொன்னார்: "ஒரு இழை தப்பினா புட்டாவே கோணிடும். உனக்குமா?"

அச்சகங்களிலும் இதே பாடுதான். ஈய எழுத்து வரிசையாக நிற்கும். சூத்திரமோ மேலும் கீழும் அடுக்கி நிற்பது. கையால் கோக்கக் கூலி அதிகம். ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வந்தது அந்த ஈயக் காலத்தில்தான். அவருடைய நோட்டுப் புத்தகங்களை டாடா ஆராய்ச்சி நிலையம் 1957-இல் வெளியிட்டபோது, எழுத்துக் கோக்காமல் கையெழுத்தையே படமெடுத்து அச்சிட்டது.

1977-இல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு க்னூத், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த புரூஃபைப் பார்த்து நொந்துபோனார். பழைய உலோக அச்சின் அழகு, புதிய ஒளி அச்சுக்கோப்பில் இல்லை. தாமே ஒரு நிரல் எழுத உட்கார்ந்தார். அதுதான் 'டெக்'. ஓராண்டு வேலை என்று நினைத்தது பத்தாண்டுக்கு மேல் இழுத்தது! அதில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு பெட்டி. நடுவே நீண்டு சுருங்கும் 'பசை'. சூத்திரத்தை டாலர் குறிகளுக்கு நடுவே எழுத வேண்டும். கணக்கு அச்சுக்குச் செலவு அதிகமாம், அதனால் அந்தக் குறி! ஆனால் டெக்கை அவர் இலவசமாகவே கொடுத்தார். 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் 'லாடெக்' கட்டி எளிதாக்கினார். 2002-இல் டெக் பயன்படுத்துவோரின் உலக மாநாடு நம் பக்கத்துத் திருவனந்தபுரத்திலேயே நடந்தது.

அப்பாவிடம் ஒருநாள் இதை விளக்கினேன். "ஜக்கார்டு அட்டை மாதிரிப்பா. அட்டையில துளை சரியா இருந்தா புட்டா தானா விழுதில்ல?"

"அட்டை அடிக்கிறவன் தப்பு பண்ணினா?"

"தப்பும் அழகா விழும்ப்பா."

மாணவத் தம்பி, தங்கைகளே! லாடெக் கற்றுக்கொள்ளுங்கள், காசில்லை. ஆனால் 2 தலையில் இருக்கிறதா, காலடியில் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.