நோட்டர் டாம் பல்கலைக்கழகம்: விடுதி வாழ்வும் சமூகப் பணியும்

நோட்டர் டாம் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகருக்கு வடக்கே அமைந்துள்ள கத்தோலிக்கக் கல்வி நிறுவனம். திருச்சிலுவைத் துறவற சபையைச் சேர்ந்த எட்வர்ட் சோரன் என்ற பிரெஞ்சுக் குருவானவர் 1842-இல் இதை நிறுவினார். ஏறத்தாழ 9,000 இளநிலை மாணவர்கள் இங்கே பயில்கின்றனர். அமெரிக்கக் கால்பந்து அணியும், பொன்முலாம் பூசிய குவிமாடமும் இதன் பெயரை உலகெங்கும் பரப்பியுள்ளன. கத்தோலிக்க உயர்கல்வியின் வரலாற்றில் இதற்குரிய சிறப்பு வேறொன்று: மாணவர் தங்கும் விடுதி, வழிபடும் சிற்றாலயம், ஏழைகளுக்குச் செய்யும் பணி ஆகிய மூன்றையும் இது ஒரே வாழ்க்கையாகப் பின்னியது. இங்கே சமூகப் பணியின் அடிப்படை அலகு, பாடத்துறையோ தொண்டர் அணியோ அல்ல, விடுதிதான்.

தோற்றம்

திருச்சிலுவைச் சபை பிரான்சின் லே மான்ஸ் நகரில் 1837-இல் உருவானது. அதன் நிறுவனர் பசில் மொரோ, அறிவை மட்டும் வளர்த்து உள்ளத்தை வளர்க்காத கல்வியை ஏற்க மறுத்தவர். அவருக்கு 2007-இல் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. அச்சபையின் மறைப்பணியாளராக இந்தியானாவுக்கு வந்த சோரனுக்கு, வின்சென்ஸ் மறைமாவட்ட ஆயர் இரண்டு ஏரிகளை அடுத்த நிலத்தை அளித்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே கல்லூரி ஒன்றைத் தொடங்கவேண்டும் என்பது நிபந்தனை. 1842 நவம்பர் 26 அன்று, 28 வயதான சோரன் சில அருட்சகோதரர்களுடன் பனி மூடிய அந்த இடத்தை அடைந்தார். 1844 ஜனவரியில் மாநிலச் சட்டமன்றம் கல்லூரிக்கு உரிமைப் பட்டயம் வழங்கியது.

அந்த மண்ணுக்கு அதற்கும் முந்தைய ஒரு வரலாறு உண்டு. அது பொட்டவாட்டமி பழங்குடியினர் வாழ்ந்த நிலம். அமெரிக்க மண்ணில் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற ஸ்டீபன் பேடன், அம்மக்களிடையே பணியாற்றுவதற்காக வாங்கிய இடம் அது. 1838-இல் இந்தியானாவின் பொட்டவாட்டமி மக்களில் ஒரு பெரும் பகுதியினர் ஆயுத பலத்தால் கான்சஸ் பகுதிக்கு விரட்டப்பட்டனர். வழியெங்கும் குழந்தைகளும் முதியவர்களும் இறந்த அந்தப் பயணத்தில், பெஞ்சமின் பெட்டி என்ற இளம் குருவானவர் அவர்களோடு நடந்தார். திரும்பும் வழியில் நோயுற்று 1839-இல் அவர் இறந்தார். அவருடைய உடல் பின்னாளில் நோட்டர் டாமுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. துன்பப்படுவோருக்குத் தொலைவிலிருந்து உதவுவதோடு நில்லாமல் அவர்களோடு உடன் நடக்கவேண்டும் என்று இன்று இங்கே கற்பிக்கப்படும் பாடத்துக்கு, இந்த மண்ணிலேயே கிடைக்கும் பழைய சான்று இது.

1879 ஏப்ரலில் முதன்மைக் கட்டடம் தீக்கிரையானது. சோரன் மனம் தளராமல் முன்னதைவிடப் பெரிதாகக் கட்ட முடிவெடுத்தார்; அவ்வாண்டு இலையுதிர்காலத்திலேயே புதிய கட்டடத்தில் வகுப்புகள் தொடங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கத்தோலிக்கர் பெரும்பாலும் ஏழைக் குடியேறிகள். சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட சிறுபான்மையினர். 1924-இல்கூட, சவுத் பெண்டில் கூடிய கூ கிளக்ஸ் கிளான் அமைப்பினரோடு மாணவர்கள் தெருவில் மோதினர். ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காக வளர்ந்த நிறுவனம் என்ற நினைவு இதன் பொதுப்பணி உணர்வுக்கு உரமானது.

விடுதி வாழ்வு

1888-இல் கட்டப்பட்ட சோரன் விடுதி, அமெரிக்கக் கத்தோலிக்கக் கல்லூரிகளில் மாணவர்களுக்குத் தனியறை கொடுத்த முதல் விடுதியாகக் கருதப்படுகிறது. இன்று வளாகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட விடுதிகள் உள்ளன. 1972-இல் முதன்முறையாக இளநிலைப் படிப்பில் பெண்கள் சேர்க்கப்பட்டபோது, பேடன், வால்ஷ் ஆகிய இரு விடுதிகள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. இளநிலை விடுதிகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியானவை. எதிர்பாலினத்தவர் அறைக்கு வந்துசெல்லும் நேரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு.

பிற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் காணப்படும் ‘ஃபிரட்டர்னிட்டி’, ‘சொரோரிட்டி’ ஆகிய மாணவர் சங்கங்களுக்கு இங்கே இடமில்லை. ஒரு மாணவர் எந்த விடுதியில் சேர்வார் என்பதைச் செல்வமோ செல்வாக்கோ முடிவுசெய்வதில்லை. முதலாண்டு மாணவருக்கு விடுதி ஒதுக்கப்படுகிறது. பெரும்பாலோர் வளாகத்தில் வாழும் காலமெல்லாம் அதே விடுதியில் தங்குகின்றனர். முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும், கால்பந்து வீரரும் இறையியல் மாணவரும் ஒரே தாழ்வாரத்தில் வாழ்கின்றனர். 2018-இல் சேர்ந்தவர்கள் தொடங்கி, குறைந்தது ஆறு பருவங்கள் வளாகத்தில் தங்குவது கட்டாயமாக்கப்பட்டது.

ஒவ்வொரு விடுதிக்கும் ‘ரெக்டர்’ எனப்படும் காப்பாளர் உண்டு. அவர் குருவானவராகவோ அருட்சகோதரராகவோ அருட்சகோதரியாகவோ பொதுநிலையினராகவோ இருக்கலாம், விடுதியிலேயே குடியிருப்பார். இறுதியாண்டு மாணவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் உதவியாளர்கள் தாழ்வாரந்தோறும் இளையவர்களைக் கவனித்துக்கொள்கின்றனர். மாணவர்கள் தங்களுக்குள் விடுதித் தலைவரையும், வழிபாடு, விளையாட்டு, சமூகப் பணி போன்றவற்றுக்கான பொறுப்பாளர்களையும் வைத்துக்கொள்கின்றனர். விடுதிக்கென்று ஒரு சின்னம், ஆண்டுதோறும் நடத்தும் ஒரு விழா, அவ்விழா வருவாயைப் பெறும் ஒரு தொண்டு நிறுவனம் என்பது பொதுவான அமைப்பு.

இவ்விழாக்களில் சில புகழ்பெற்றவை. ஃபிஷர் விடுதியினரின் படகுப் போட்டியில், மாணவர்கள் தாங்களே கட்டிய மிதவைகளைச் செயின்ட் மேரி ஏரியில் செலுத்துகின்றனர். அதன் வருவாய், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் வீடற்றோருக்கு உணவளிக்கும் ஆந்த்ரே இல்லத்துக்குச் செல்கிறது. சீக்ஃப்ரீட் விடுதி மாணவர்கள் பிப்ரவரிக் கடுங்குளிரில் ஒரு நாள் முழுதும் அரைக்கால்சட்டையும் மெல்லிய சட்டையும் ரப்பர் செருப்பும் அணிந்து வளாகத்தில் நின்று, சவுத் பெண்டின் வீடற்றோர் மையத்துக்கு நன்கொடை திரட்டுகின்றனர். கூரையில்லாதவர் பனிக்காலத்தில் படும் வேதனையைத் தாங்களும் சிறிது உணர்ந்து, காண்போருக்கும் உணர்த்துவது இதன் நோக்கம்.

சுமார் 77,000 பேர் அமரும் விளையாட்டரங்கில் கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளிலும் இப்பழக்கம் தொடர்கிறது. மாணவர் அமைப்புகள் உணவுக்கடைகள் நடத்திப் பணம் சேர்க்கின்றன. 1910-இல் தொடங்கிய ‘நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்’ மாணவர் கிளை விற்கும் மாட்டிறைச்சி சாண்ட்விச், ஆட்ட நாளின் அடையாளங்களில் ஒன்று. அதன் வருவாய் அறப்பணிகளுக்குச் செல்கிறது.

வழிபாடும் கெபியும்

விடுதிகளில் சிற்றாலயங்கள் உள்ளன. ஞாயிறு இரவில் விடுதித் திருப்பலி நடைபெறுகிறது. வார நாள்களிலும் பல விடுதிகளில் இரவுத் திருப்பலி உண்டு. தில்லன் விடுதியில் வியாழன் இரவுத் திருப்பலிக்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் மில்க்‌ஷேக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். பீடத்தைச் சுற்றித் தரையில் அமரும் மாணவர்கள், நோயுற்ற தாய்க்காகவும் மறுநாள் தேர்வுக்காகவும் சேர்ந்து மன்றாடுகின்றனர். அடுத்த அறைக்காரரின் துயரை அறியும் இடமாக இத்திருப்பலி இருக்கிறது.

திருஇருதயப் பேராலயத்தின் பின்புறம், 1896-இல் கட்டப்பட்ட லூர்து அன்னை கெபி (குகை வழிபாட்டிடம்) உள்ளது. இது பிரான்சின் மூலக் கெபியில் ஏழில் ஒரு பங்கு அளவுடையது. தேர்வுக் காலத்திலும் துக்க நேரத்திலும் இங்கே மெழுகுவர்த்தி ஏற்றாத மாணவர் அரிது. இங்கே பயின்று, பின்னர் லாவோஸ் நாட்டுக் கிராமங்களில் மருத்துவம் பார்த்த டாக்டர் டாம் டூலி, புற்றுநோயால் படுக்கையிலிருந்தபோது 1960 டிசம்பரில் இக்கெபியை நினைத்து ஏங்கிப் பல்கலைக்கழகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் அவர் இறந்தார். கெபியின் அருகே அவருடைய சிலை நிற்கிறது.

ஹெஸ்பர்க் காலம்

1952 முதல் 1987 வரை 35 ஆண்டுகள் தலைவராக இருந்த அருட்தந்தை தியோடர் ஹெஸ்பர்க், தொண்டு என்பதோடு நீதி என்பதையும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாக்கினார். 1957-இல் அமைந்த அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஆணையத்தின் முதல் உறுப்பினர்களில் அவர் ஒருவர். தென்மாநிலத்தவரும் வடமாநிலத்தவருமாக ஆறு பேர் கொண்ட அந்த ஆணையம் பரிந்துரைகளில் உடன்பட முடியாமல் திணறியது. விஸ்கான்சின் மாநிலத்தின் லேண்ட் ஓ லேக்ஸ் ஏரிப்பகுதியில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான இடத்துக்கு ஹெஸ்பர்க் அவர்களை அழைத்துச் சென்றார். மீன்பிடித்து, சேர்ந்து உண்டு, பேசி அவர்கள் உடன்பாட்டுக்கு வந்தனர். ஆணையத்தின் பணி 1964-ஆம் ஆண்டு குடிசார் உரிமைகள் சட்டத்துக்கு வழிவகுத்தவற்றில் ஒன்று. அவ்வாண்டு ஜூனில் சிகாகோ சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில் மார்ட்டின் லூதர் கிங்குடன் கைகோத்து ஹெஸ்பர்க் நின்ற ஒளிப்படம் இன்றும் வளாகத்தில் போற்றப்படுகிறது. 1969-இல் ஆணையத்தின் தலைவரான அவர், நிக்சன் அரசைக் குறைகூறியதால் 1972-இல் அப்பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது.

அமெரிக்க அமைதிப் படை 1961-இல் தொடங்கியபோது, சிலி நாட்டுக்குச் செல்லும் முதல் தொண்டர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை நோட்டர் டாம் ஏற்றது. ஜோன் குரோக் என்பவர் அளித்த கொடையால் 1986-இல் அமைதி ஆய்வு நிறுவனம் ஒன்றும் இங்கே எழுந்தது.

சமூக அக்கறை மையம்

விடுதிகளிலும் மன்றங்களிலும் சிதறிக் கிடந்த தொண்டு முயற்சிகளைப் படிப்போடு இணைக்க, அருட்தந்தை டான் மெக்நீல் 1983-இல் சமூக அக்கறை மையத்தை நிறுவினார். அனுபவம் மட்டும் போதாது, அதைப் பற்றிச் சிந்திக்கவும் வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. நகர்ப்புற வறுமையை 48 மணி நேரம் நேரில் காணச்செய்த ‘அர்பன் பிளஞ்ச்’, விடுமுறை வாரத்தில் அப்பலாச்சிய மலைப்பகுதிக்குச் செல்லும் கருத்தரங்கு, கோடை விடுமுறையில் எட்டு வாரம் தொண்டு நிறுவனங்களில் தங்கிப் பணிபுரியும் திட்டம் ஆகியவை இம்மையத்தின் புகழ்பெற்ற முயற்சிகள்.

இத்திட்டங்களில் செல்வதற்கு முன் வாசிப்பும் வகுப்பும், திரும்பியபின் கலந்துரையாடலும் கட்டுரையும் உண்டு. கஞ்சி வார்த்துவிட்டு வருவதோடு முடியாமல், இவ்வளவு வளமான நாட்டில் கஞ்சிக்கு வரிசை ஏன் நிற்கிறது என்று மாணவர் கேட்கவேண்டியிருக்கிறது. கோடைத் திட்டத்துக்கு நாடெங்கும் உள்ள முன்னாள் மாணவர் மன்றங்கள் பொருளுதவி செய்தன; மாணவர் தங்க இடமும் தேடித் தந்தன.

வங்கத்துக்காக ஒரு குத்துச்சண்டை

கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி 1920-இல் மாணவர் குத்துச்சண்டைப் போட்டியைத் தொடங்கினார். பயிற்சியாளர் டொமினிக் நபோலிதானோ 1930-களின் தொடக்கத்தில் அதை வங்க மறைப்பணிக்கு நிதி திரட்டும் போட்டியாக மாற்றினார். அதிலிருந்து அதற்குப் ‘பெங்கால் பவுட்ஸ்’ என்று பெயர்.

திருச்சிலுவைச் சபையினர் 1853-இலேயே வங்கத்துக்குச் சென்றவர்கள். டாக்காவில் 1949-இல் அவர்கள் தொடங்கிய கல்லூரி இன்று நோட்டர் டாம் கல்லூரி என்ற பெயரில் வங்கதேசத்தின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாக விளங்குகிறது. முதல் வங்காளி ஆயரும் பின்னாளில் டாக்காவின் பேராயருமான தியோதோனியஸ் அமல் கங்குலி, இந்தியானா வளாகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பியவர். ஆக, உறவு ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. வளாகத்தில் மாணவர்கள் வாங்கும் குத்துகள், வங்கதேசத்தில் பள்ளிகளாகவும் மருந்தகங்களாகவும் மாறுகின்றன. பெண்கள் நடத்தும் ‘பராக்கா பவுட்ஸ்’ போட்டியின் வருவாய், கிழக்கு ஆப்பிரிக்காவில் சபை நடத்தும் பணிகளுக்குச் செல்கிறது.

பட்டத்துக்குப் பின்

கத்தோலிக்கப் பள்ளிகளில் கற்பித்து வந்த துறவியர் எண்ணிக்கை குறைந்ததால், ஏழைப் பகுதிப் பள்ளிகள் ஆசிரியரின்றித் தவித்தன. இதற்கு விடையாக அருட்தந்தையர் டிமத்தி ஸ்கலி, ஷான் மெக்ரா ஆகியோர் 1993-இல் கத்தோலிக்கக் கல்விக் கூட்டணியைத் தொடங்கினர். பட்டம் முடித்த இளைஞர்கள் வசதி குறைந்த கத்தோலிக்கப் பள்ளிகளில் இரண்டு ஆண்டு கற்பிக்கின்றனர். ஒரே வீட்டில் சிறு குழுவாக எளிமையாக வாழ்கின்றனர். கோடையில் வளாகத்துக்குத் திரும்பிக் கல்வியியல் முதுநிலைப் பட்டத்துக்குப் படிக்கின்றனர். விடுதியில் பழகிய கூட்டு வாழ்வையும் மன்றாட்டையும் பணியையும் வளாகத்துக்கு வெளியே கொண்டுசெல்லும் முயற்சி இது.

சவுத் பெண்டுடன் உறவு

சவுத் பெண்ட், ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த நகரம். 1963 டிசம்பரில் அத்தொழிற்சாலை மூடப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், குடியிருப்புகள் சீரழிந்தன. செல்வம் சேர்ந்துகொண்டிருந்த வளாகத்தின் வாசலிலேயே வறுமை நின்றது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தல், அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளோருக்கான லோகன் மையத்தில் அவர்களோடு பொழுது கழித்தல் எனத் தலைமுறை தலைமுறையாக மாணவர் பணி தொடர்ந்தது. 1988-இல் தொடங்கிய வீடற்றோர் மையத்துக்குப் பல்கலைக்கழகம் தொடக்கத்திலிருந்தே துணை நின்றது. அங்கே தங்கியிருப்போருடன் உலக இலக்கியங்களை வாசிக்கும் வகுப்பைப் பேராசிரியர்கள் நடத்தியுள்ளனர்.

2001-இல் திறக்கப்பட்ட ராபின்சன் சமூகக் கற்றல் மையம், வளாகத்தை ஒட்டிய வடகிழக்குக் குடியிருப்புப் பகுதியின் குழந்தைகள் முதல் முதியோர் வரை கற்கும் இடம். அதன் சிறுவர் நாடகக்குழு ஷேக்ஸ்பியர் நாடகங்களை மேடையேற்றுகிறது. அருகிலுள்ள ஹோலி கிராஸ் கல்லூரியோடு சேர்ந்து 2013 முதல் நடத்தும் மொரோ கல்லூரித் திட்டத்தின்வழி, வெஸ்ட்வில் சிறைவாசிகள் கல்லூரிப் பட்டம் பெறுகின்றனர்.

விமர்சனங்கள்

சில நாள் தொண்டுப் பயணங்கள், உதவி பெறுவோரைவிட மாணவர்களுக்கே அதிகம் பயன்படுகின்றன என்ற குறை நெடுங்காலமாக உண்டு. முன்பயிற்சியும், அதே அமைப்புகளோடு ஆண்டுக்கணக்கில் நீளும் உறவும் இதற்குச் சமூக அக்கறை மையம் கண்ட விடைகள். ஆனாலும் கேள்வி முழுவதும் தீர்ந்துவிடவில்லை. மாணவர்களில் பெரும்பாலோர் வசதியான குடும்பத்தினர். எட்டு வாரம் ஊதியமின்றி உழைக்க ஏழை மாணவரால் எளிதில் இயலாது. கோடைத் திட்டம் உதவித்தொகை தருவதற்கு இதுவும் காரணம்.

தனித்தனி விடுதி முறையும் வருகை நேரக் கட்டுப்பாடும், கட்டாயத் தங்கல் விதியும் மாணவரிடையே தொடர்ந்து விவாதிக்கப்படுகின்றன. ஒருபால் ஈர்ப்புடைய மாணவர்கள் பல ஆண்டுகள் ஏற்பிசைவு கோரியபின், 2012-இல் அறிவிக்கப்பட்ட அருள்பணித் திட்டத்தின்வழி அவர்களுக்கு முறையான மாணவர் அமைப்பு கிடைத்தது. ஏழைகளிடம் காட்டும் பரிவை, விடுதியில் ஒதுங்கி நிற்கும் மாணவரிடமும் காட்டினாலன்றி, விடுதி ஒரு குடும்பம் என்று சொல்வதற்குப் பொருளில்லை என்பதை இவ்விவாதங்கள் நினைவூட்டுகின்றன.

மதிப்பீடு

கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சமூகப் பணிக்கென்று துறைகளும் மதிப்பெண்களும் உள்ளன. நோட்டர் டாம் காட்டும் வழி, பணியைக் கடமை நேரமாக ஒதுக்காமல் அன்றாடப் பழக்கமாக்குவது. பக்கத்து அறையில் இருப்பவரைக் கவனிக்கக் கற்றவர், பக்கத்துத் தெருவில் இருப்பவரையும் கவனிப்பார் என்ற நம்பிக்கையில் இம்முறை நிற்கிறது. அந்நம்பிக்கை பலிப்பதற்கு மூன்று தேவை: மாணவரோடு உடன்வாழும் பெரியவர்கள், செய்ததைச் சிந்திக்கவைக்கும் படிப்பு, ஆண்டுதோறும் மாணவர் மாறினாலும் மாறாமல் தொடரும் உறவு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் தொண்டு வெறும் விழாவாகிவிடும். மூன்றும் சேர்ந்த இடங்களில், பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் ஏழைப் பள்ளியிலும் சிறைச்சாலையிலும் மருத்துவமனையிலும் பணிபுரியும் மனிதர்களை இம்முறை உருவாக்கியுள்ளது.