கோப்பித் துரு: ஒரு பங்கசுச் சாதியின் சமூக வரலாறு

இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கை வீழ்ந்தமைக்கு ஒரு பங்கசே காரணம் என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. அப்பங்கசு வகைப்படுத்தப்பட்ட வரலாற்றை நோக்குமிடத்து, இக்கூற்று பாதி உண்மையே என்பது புலனாகும்.

1869இல் மடுல்சீமைத் தோட்டங்களிற் கோப்பியிலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தூள் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி, புரூம் ஆகிய அறிஞர்கள் அதனைப் பூஞ்சணங்களுடன் சேர்ப்பதா, துருப்பங்கசுகளுடன் சேர்ப்பதா என எளிதில் துணிய இயலவில்லை. எனவே அதே ஆண்டில் ‘ஹெமிலியா’ என்னும் புதிய சாதியை வகுத்தனர். அதன் வித்தி ஒருபுறம் வழுவழுப்பாகவும் மறுபுறம் முள்ளுடையதாகவும் இருத்தலின் ‘பாதி வழுவழுப்பானது’ எனப் பொருள்படும் அப்பெயர் அமைந்தது. ‘வாஸ்டாட்ரிக்ஸ்’ என்னும் இனப்பெயரின் பொருள் ‘அழிப்பவள்’ என்பதாகும்.

வகைப்பாட்டு ஐயம் ஏட்டளவில் நிற்கவில்லை. பங்கசு இலையின் மேற்பரப்பில் வளர்வதெனக் கருதியோர் கந்தகமும் சுண்ணாம்பும் தூவினர். 1880 முதல் 1882 வரை இங்கு ஆய்வு நடத்திய மார்ஷல் வார்ட், நீர்த்துளியில் முளைக்கும் வித்தி இலைவாயினூடாக உட்புகுந்து இலையினுள்ளேயே வாழ்கின்றது என்பதை நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு நிறுவினார். வெளியே தெரியும் தூள் அதன் வித்திகளே. உட்புகுந்துவிட்ட பங்கசைத் தூளால் அழித்தல் இயலாது. அன்றியும், மலைகளை இடைவெளியின்றி ஒரே பயிரால் மூடியமையே காற்றில் வரும் வித்திகளுக்குத் தடையற்ற உணவளித்தது என்பதையும் அவர் சுட்டினார்.

இவ்விடத்திலேயே தாவரவியல் பொருளியலைத் தொடுகின்றது. 1870களின் இறுதியிற் கோப்பி நிலம் சுமார் 2,75,000 ஏக்கராகப் பரந்திருந்தது. அப்பரப்பை வகுத்தது இலாபநோக்கேயன்றிப் பங்கசன்று. 1884இல் கோப்பிக் கடன்களிற் சிக்கிய ஓரியண்டல் வங்கி முறிந்தபோது கொழும்பு வணிகம் நிலைகுலைந்தது. கிட்டங்கிகளிற் கோப்பி தெரிந்த பெண்கள் முதல் மலையகத் தொழிலாளர் வரை உழைப்பை விற்றோரே பெரிதும் இழந்தனர். கூலிக்குத் தோட்டச் சொத்தின்மீது முதலுரிமை வழங்க அவ்வாண்டிற் சட்டம் இயற்றவேண்டியிருந்தமை, கூலி நிலுவையின் அளவை உணர்த்தும். பின்னர் ஆண்டு முழுவதும் கைகளை வேண்டிய தேயிலை, பருவத்துக்கு வந்துசென்ற தொழிலாளரைத் தோட்ட லயங்களில் நிலைநிறுத்தியது.

ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளியானதும் 1869இலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. தோட்டத்துரைமாரின் நோக்கிலமைந்த அந்நூல் கோப்பிச் செய்கையைப் பாடிய ஆண்டிலேயே, அச்செய்கையின் உள்முரண்பாடு இலையின் அடிப்புறத்தில் வெளிப்பட்டது. மக்கள் வடிவமான கும்மி எந்த வர்க்கத்தின் குரலாயிற்று என்பதை ஆராயாது மலையக இலக்கிய வரலாற்றைத் தொடங்குதல் பொருந்தாது.

‘அழிப்பவள்’ என்னும் பெயர் பங்கசுக்கு ஏற்றதே. ஆயின் அப்பெயரையே வரலாற்று விளக்கமாகக் கொள்ளின், மலைகளை ஒரே பயிரால் நிரப்பிய மூலதனம் குற்றமற்றதாகிவிடும். பங்கசின் சாதியைத் தாவரவியல் வகுத்துத் தந்தது. அது பரவுதற்கு வழிசெய்த உற்பத்தி உறவுகளை வகுத்துரைத்தல் வரலாற்றாசிரியரின் கடமையாகும்.